வத்தளைக்குப் போனால் எவ்வளவு மிச்சம்?

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாடகைக்கு இருக்கும் குடும்பங்களில், வீட்டு ஒப்பந்தம் முடியும் மாதம் நெருங்கும்போது ஒரு பேச்சு தவறாமல் வரும். “வீட்டுக்காரர் இன்னும் கூட்டித் தரச் சொல்லுறார். பேசாமல் வத்தளைப் பக்கம் போவமா?” வத்தளை என்றால் வத்தளை மட்டுமல்ல. ஹெந்தளை, மாபொல, எலகந்த, வெலிசறை, கந்தானை என்று நீர்கொழும்பு வீதியின் இருபுறமும் விரியும் ஊர்கள் எல்லாம் அந்தப் பேச்சில் அடக்கம். நான் அங்கே குடியிருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். வாடகை ஏறக்குறையப் பாதியாகும் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் பாதி எங்கே போகிறது, எந்த வழியாகத் திரும்பி வந்து செலவாகிறது என்று பார்க்காமல் சொல்லும் பதில் ஒரு குடும்பத்துக்கு உதவாது.

முதலில் வீட்டை ஒதுக்கிவிட்டு மற்றச் செலவுகளைப் பார்ப்போம். இலங்கை சின்ன நாடு. தம்புள்ளையில் மாலையில் ஏற்றிய மரக்கறி விடியுமுன் எந்த மூலைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மின்சாரக் கட்டணம் நாடு முழுவதும் ஒன்றே. பருப்பும் பெரும்பாலான சீனியும் கொழும்புத் துறைமுகத்தில்தான் இறங்குகின்றன. மொனராகலைக்காரர் அவற்றுக்கு லொறிக் கூலியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சமையல் காஸ் சிலிண்டரும் தூர மாவட்டங்களில் கொழும்பைவிடச் சற்றுக் கூடத்தான். ஆக, சாப்பாட்டுச் சாமானை மட்டும் எடுத்துக்கொண்டால் ‘கொழும்பு விலை’ என்று பயப்பட அதிகம் இல்லை.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் வறுமைக்கோட்டிலும் இது தெரிகிறது. ஒரு ஆளின் அடிப்படைத் தேவைக்கு மாதம் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று மாவட்டவாரியாக அது சொல்லும். 2023 முடியும்போது அது நாட்டுக்குச் சராசரியாக 17,000 ரூபாய் அளவில் இருந்தது. பட்டியலின் உச்சியில் கொழும்பு, அடியில் மொனராகலை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமோ இரண்டாயிரம் ரூபாய் அளவுதான். கொழும்பில் வாடகை கொடுத்துப் பார்த்த எவருக்கும் இந்த இரண்டாயிரம் ஒரு கணக்காகவே தெரியாது. காரணம் எளிது. அந்தக் கோடு பெரும்பாலும் சோற்றுக்கும் கறிக்கும் போடப்பட்டது. நகரத்துக் குடும்பத்தைப் பிழிவது வீடு.

விலைச் சுட்டெண்களைப் பார்த்தாலும் அதே கதைதான். 2013 விலைகளை அடியாகக் கொண்ட சுட்டெண்கள் 2022 முடியும் வரை பாவனையில் இருந்தன. அவற்றில் நாட்டுச் சுட்டெண்ணில் உணவின் பங்கு நூற்றுக்கு 44 அளவு. கொழும்புச் சுட்டெண்ணில் அது 28 அளவுக்கு இறங்கிவிடும். வீடு, தண்ணீர், மின்சாரம், எரிபொருள் சேர்ந்த பங்கு 32 அளவுக்கு ஏறி உணவையே தாண்டி நிற்கும். கொழும்பில் குடும்பம் நடத்துகிறவருக்கு அரிசிக் கடையைவிட வீட்டுக்காரரே பெரிய கடன்காரர் என்பதை அரசாங்கக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கொழும்புச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்து நகரப் பகுதிகளுக்கு உரியது. களனி ஆற்றைத் தாண்டினால் கம்பஹா மாவட்டம். வேலை, பாடசாலை, ஆசுபத்திரி எல்லாம் கொழும்பில் வைத்துக்கொண்டு இரவுக்கு மட்டும் ஆறு கடந்து வரும் வத்தளைக் குடும்பம் அந்தக் கணக்குக்குள் வராது.

பெரிய நாடுகளிலும் நிலைமை இப்படியே. அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையிலான விலைவாசியை அரசாங்கமே ஆண்டுதோறும் ஒப்பிட்டு வெளியிடுகிறது. நாட்டுச் சராசரியை நூறு என்று வைத்தால் கலிஃபோர்னியா 112 அளவில் நிற்கும். மிசிசிப்பியும் ஆர்கன்சாவும் 87 அளவில். பாண், சட்டை, சவர்க்காரம் என்று பொருள் பொருளாகப் பிரித்தால் மாநிலத்துக்கு மாநிலம் பெரிய இடைவெளி இராது. வாடகையை எடுத்தால்தான் ஒன்று மற்றதின் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். அரிசி மூட்டையை இடம் மாற்றலாம், காணியை மாற்ற முடியாது. அதனால் ஊருக்கு ஊர் உள்ள செலவு வித்தியாசம் முழுவதும் வந்து காணியின் மேலேயே குந்திக்கொள்கிறது.

எங்கள் காணியைப் பேர்ச்சில் அளக்கிறோம். 272 சதுர அடி சொச்சம் ஒரு பேர்ச். 160 பேர்ச் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்துக்காரர் பரப்பில் பேசுவார்கள், ஒரு பரப்பு பத்துப் பேர்ச். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் ஒரு பேர்ச் கோடிக் கணக்கில் பேசப்படுகிறது. வத்தளையின் உட்புறங்களில் அதே பேர்ச் இன்னும் லட்சக் கணக்கில்தான் நிற்கிறது. அரை மணி நேர ஓட்டத்தில் உள்ள இரண்டு ஊர்களுக்கு ஏன் இந்த இடைவெளி?

வெள்ளவத்தையின் விலைக்குள் பல அடுக்குகள் இருக்கின்றன. கரையோர ரயில் நிற்கிறது. காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இராமகிருஷ்ண மிஷன், சைவ மங்கையர் வித்தியாலயம், அடுத்த சந்தியில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் கதிரேசன் கோயில்களும் என்று தமிழ்க் குடும்பம் ஒன்று தேடுவது எல்லாம் நடை தூரத்தில். ஆனால் இந்த வசதிகள் மட்டும் அந்த விலையைக் கொண்டுவரவில்லை என்பது என் எண்ணம். 1983க்குப் பிறகும், 1995இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த பிறகும், வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் எங்கே இருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று பார்த்தே வீடு எடுத்தார்கள். பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை, அடையாள அட்டை எல்லாம் அன்றாடமாக இருந்த காலம் அது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிசார் பஸ்ஸில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அப்படிப்பட்ட ஊரில் தன் ஆட்கள் நிறைந்த ஒழுங்கையில் இருப்பதற்கு ஒரு தனி விலை ஏறியது. போர் முடிந்து பல ஆண்டு ஆன பின்னும் அந்தப் பங்கு வாடகையிலிருந்து கழிந்து போகவில்லை.

அதற்கு மேல் வெளிநாட்டுப் பணம். லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கென்று வாங்கிய வீடுகள் வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைகள் காணி வாங்குவதைத் தடுத்தபோது, நான்காம் மாடியும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடுகளுக்கு விலக்குக் கொடுத்தது. இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டவர்களுக்கு எஞ்சிய வழி அதுவே. பவுணிலும் டொலரிலும் எண்ணிப் பார்க்கும் ஒருவரோடு, ரூபாயில் சம்பளம் எடுக்கும் ஒருவர் அதே வீட்டுக்குப் போட்டி போட வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை செய்த வெள்ளவத்தை நெசவாலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி கோபுரங்கள் நிற்கின்றன. அந்த ஆலைத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளால் அங்கே ஒரு அறையும் எடுக்க முடியாது.

கொட்டாஞ்சேனை வேறு விதம். அங்கே வாடகையைத் தீர்மானித்தது பழைய சட்டம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு போட்டு, குடியிருப்பவரை எழுப்புவதைக் கடினமாக்கியது. அடுத்த ஆண்டே பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், மிதமிஞ்சி வீடு வைத்திருந்தவர்களிடமிருந்து எடுத்தவற்றைக் குடியிருந்தவர்களே வாங்க வழி செய்தது. ஏழைக் குடும்பங்கள் பல கூரைக்கு உரிமை பெற்றது அதனால்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அற்ப வாடகைக்கு ஒரு வீட்டில் ஆளை வைத்திருக்கும் உரிமையாளர் ஓடு மாற்றவும் மாட்டார், சுண்ணாம்பு அடிக்கவும் மாட்டார். வாரிசுகள் கூடக் கூட ஒரே வீடு பலகை மறைப்புகளால் நான்கு வீடானது. உறுதி யார் பெயரில் என்பது வழக்கானது. ஜம்பட்டா வீதியிலும் உல்பெண்டால் வீதியிலும் வெளியே நல்ல கடை, உள்ளே இருண்ட நடை, அதற்குள் பல குடும்பம் என்ற அமைப்புக்கு இதுவும் ஒரு காரணம். பாடசாலை, துறைமுகம், செட்டியார் தெரு, கொச்சிக்கடை அந்தோனியார், பொன்னம்பலவாணேசர் எல்லாம் நடந்துபோகும் தூரம் என்பதால் ஆட்கள் விடமாட்டார்கள். அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் கடை வேலைக்கு வரும் பையன்கள் ஒரு போர்டிங் அறையில் நான்கு பேர், ஐந்து பேராகப் படுப்பதும் இங்கேதான். தனியாகக் கேட்டால் பெரிதாகத் தெரியாத தொகை அது. ஆளொன்றுக்கு வரும் தரை அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால், கொழும்பில் ஒரு சதுர அடிக்கு மிகக் கூடிய வாடகை கொடுப்பவர்களில் இந்தப் பையன்களும் இருப்பார்கள்.

இந்த இரண்டு ஊரிலிருந்தும் பிதுங்கி வருகிறவர்களே ஆறு கடக்கிறார்கள். கொட்டாஞ்சேனைக்காரர் மட்டக்குளிப் பாலத்தால் ஹெந்தளைக்கு வருவார், மற்றவர்கள் பேலியகொடையால். இங்கே வந்தால் முதலில் தெரிவது இடம். காற்று வரும் ஜன்னல், துணி காயப்போட ஒரு முற்றம், பிள்ளைக்குத் தனி மேசை. மரக்கறியும் மீனும்கூடச் சற்று மலிவாகக் கிடைக்கும், ஏனென்றால் மீன் மொத்தச் சந்தையும், 2020 கடைசியில் புறக்கோட்டையிலிருந்து பெயர்ந்த மெனிங் சந்தையும் பேலியகொடையில் இருக்கின்றன. இவை உண்மையான லாபங்கள்.

இனி எதிர்ப்பக்கம். ஒரு பேச்சுக்கு, வெள்ளவத்தையில் ஒரு லட்சம் வாடகை கொடுத்த குடும்பம் வத்தளையில் அதே அளவு வீட்டை ஐம்பதாயிரத்துக்கு எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருவரும் பழைய பாடசாலையிலேயே படிக்கிறார்கள். பாடசாலை வேனுக்கு இருபத்தையாயிரம் போனால் மிச்சத்தில் பாதி போய்விட்டது. கணவன் மனைவி இருவரின் பஸ் செலவு, அவசரத்துக்கு எடுக்கும் ஓட்டோ, மாலை டியூசனுக்குக் கொழும்பிலேயே காத்திருக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் சாப்பாடு. எல்லாம் கழித்தால் கையில் பத்தாயிரம் மிஞ்சலாம். அந்தப் பத்தாயிரத்துக்காக விடியற்காலையில் எழும்ப வேண்டும். வத்தளை நகரத்துக்கு ரயில் இல்லை. ஹுணுப்பிட்டியோ எந்தெரமுல்லையோ போய்த்தான் பிடிக்க வேண்டும். நீர்கொழும்பு 240 பஸ்ஸில் வருகிறவர், கண்டி வீதி வாகனங்கள் எல்லாம் வந்து சேரும் பேலியகொடையில் மாட்டிக்கொள்வார். 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்தது, 2021இல் புதிய களனிப் பாலமும் திறந்தது. காரில் போகிறவருக்கு இரண்டும் பெரிய உதவி. சாதாரணப் பஸ்ஸில் தொங்குகிறவருக்கு அந்த உதவி மிகக் கொஞ்சமாகவே வந்து சேர்ந்தது.

அடுத்தது, வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு செலவு. வத்தளைப் பக்கம் வாடகைக்குக் கிடைப்பவற்றில் நிறைய அனெக்ஸ். மேல் மாடியோ பின்பக்கமோ பிரித்துக் கட்டிய பகுதி. பிரதான மீற்றர் வீட்டுக்காரர் பெயரில் ஒன்றே இருக்கும். அனெக்ஸுக்கு ஒரு உப மீற்றர். எங்கள் மின்சாரக் கட்டணம் யூனிட் கூடக் கூட அடுத்த படிக்கு ஏறி, ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடும் முறையில் உள்ளது. தனி மீற்றரில் அறுபது யூனிட்டோடு மலிவான படியில் நின்றிருக்கக்கூடிய சின்னக் குடும்பம், மேலே குளிரூட்டி ஓடும் வீட்டோடு ஒரே பில்லில் சேரும்போது உச்சிப் படியின் விலையைக் கொடுக்கிறது. தண்ணீர் பில்லும் இதே முறைதான். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்சாரக் கட்டணம் அடுத்தடுத்து ஏறியபோது, வாடகை குறைவு என்று வந்த பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் அடி வாங்கின.

பிறகு தண்ணீர். வத்தளையின் மலிவான காணிகள் பல, முத்துராஜவெல சதுப்பின் ஓரங்களிலும் பழைய ஒல்லாந்தர் கால்வாயை ஒட்டியும் களனிக்கரையிலும் உள்ள தாழ்நிலங்கள். மண் போட்டு நிரப்பி, மதில் எழுப்பி விற்கப்பட்டவை. மழை கூடினால் கொழும்பு முழுவதும் நாகலகம் தெரு அளவுகோல் எத்தனை அடி காட்டுகிறது என்று வானொலியில் கேட்கும். எங்கள் பக்கத்தில் அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டே குளிர்சாதனப் பெட்டியை மேசை மேல் தூக்கி வைப்பார்கள். 2016 மேயில் களனி பெருகியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மறுபடியும் பெருகியது. மெத்தை, அலுமாரி, பிள்ளைகளின் புத்தகம் என்று ஒரு முறை நனைந்து போனவற்றைத் திரும்ப வாங்கும் செலவைப் பல ஆண்டு வாடகை மிச்சத்தோடு சேர்த்து எண்ண வேண்டும். தாழ்நிலத்தின் விலை குறைவு ஒரு சலுகையாகத் தோன்றும். வெள்ளத்தின் நட்டத்தை வாங்குகிறவர் தலையில் முன்கூட்டியே கழித்துக் கட்டிய தொகை அது.

எல்லாவற்றையும்விட நான் கனமாக நினைப்பது விலாசத்தின் விலையை. அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது இடங்களில் பாதி அருகில் குடியிருப்போருக்கு. அருகில் குடியிருப்பதை நிரூபிக்கப் புள்ளி உண்டு: முழுப் புள்ளிக்கு வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து ஐந்து ஆண்டு பெயர் இருக்க வேண்டும், வீட்டு உறுதி சொந்தப் பெயரில் இருந்தால் கூடுதல் புள்ளி, வாடகை ஒப்பந்தம் என்றால் குறைவு. வீட்டுக்கு இன்னும் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் அதற்கும் கழிவு. நல்ல பாடசாலைக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு விலை ஏறுவதற்கு இந்தச் சேர்க்கை விதிகளே பாதிக் காரணம். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை வீடு மாறுகிறவரின் பிள்ளை இதில் முதலிலேயே பின்வரிசைக்குப் போய்விடுகிறது. வத்தளையில் தமிழ்மொழிப் பாடசாலை வசதி குடிசனத்தின் வேகத்துக்கு வளரவில்லை. ஆகவே பெற்றோர் ஒன்றில் வேனுக்குக் கொடுக்கிறார்கள், அல்லது சர்வதேசப் பாடசாலை என்று பெயர் போட்ட இடத்துக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். வாடகைச் சீட்டில் எழுதப்படாத வாடகை இது.

2022இன் நெருக்கடி இவை அனைத்தையும் இன்னும் இறுக்கிவிட்டது. அந்த செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 69.8. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியது. வீட்டுக் கடன் வட்டி இருபதுக்கு மேல் போனது. கட்ட நினைத்தவர்கள் கட்டவில்லை. வாங்க நினைத்தவர்கள் வாடகையிலேயே நின்றார்கள். பிறகு பணவீக்கம் இறங்கியது. ஆனால் ஏறிய வாடகை எதுவும் இறங்கியதாக நான் காணவில்லை.

இதில் அரசாங்கத்துக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. அரச ஊழியருக்கு நீண்ட காலம் கொடுத்துவந்த 7,800 ரூபாய் வாழ்க்கைச் செலவுப் படி, வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கும் ஆசிரியைக்கும் மொனராகலையில் சொந்த வீட்டில் இருக்கும் ஆசிரியைக்கும் ஒரே தொகை. 2024இல் பத்தாயிரம் கூட்டியபோதும் அப்படியே. தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, அதுவும் தீவு முழுவதற்கும் ஒன்று. இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப் படி நகரத்தைப் பொறுத்து மூன்று படியாக உண்டு. 2024 முதல் சென்னையில் இருப்பவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 30, சிற்றூரில் இருப்பவருக்கு 10. அமெரிக்க மத்திய அரசு 1994 முதல் இடத்துக்கேற்பச் சம்பளம் கொடுக்கிறது. எங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் அதில் ஒரு பகுதி வீட்டுக்காரர் பைக்கே போகும் என்று சொல்வார்கள். அது ஓரளவு சரிதான். அதனால்தான் படியோடு கூட, பேலியகொடைக்கு இப்பால் பஸ்ஸுக்குத் தனிப்பாதையும், ஆற்றுக்கு இந்தப் பக்கத்தில் நல்ல தமிழ்ப் பாடசாலைகளும் வேண்டும் என்கிறேன். பாடசாலை இங்கே வந்தால் வேன் செலவு ஒழியும், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளின் நெருக்கமும் தளரும்.

அதுவரைக்கும், என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வீட்டை ஒரு முறை மழை நாளில் போய்ப் பாருங்கள். மதிலின் அடியில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் 2016இலும் 2025இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். மீற்றர் யார் பெயரில், யூனிட் விலை எப்படிப் போடுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். காலை ஆறரைக்கு ஒரு தடவை அங்கிருந்து பஸ் ஏறிப் பிள்ளையின் பாடசாலை வாசல் வரை போய்ப் பாருங்கள். முற்பணம் கொடுக்குமுன் வாக்காளர் இடாப்பு விஷயத்தையும் பேசிவிடுங்கள். குடியிருப்பவர் பெயரைப் பதிய விட்டால் வீடு கையைவிட்டுப் போய்விடும் என்று பல வீட்டுக்காரர் பயப்படுகிறார்கள். இடாப்பில் பெயர் இருப்பதால் எவருக்கும் காணி உரிமை வராது. வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பதிவது குடியிருப்பவரின் உரிமை. வாக்காளர் பதிவுக்கான பீ.சீ. படிவம் வரும் காலத்தில் வீட்டுக்காரர் தட்டிக்கழித்தால் நேரே கிராம உத்தியோகத்தரிடம் போங்கள், ஒப்பந்தப் பிரதியையும் கொண்டு போங்கள்.